தகவல் நூலைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? தொடக்க வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

முதன்முதலில் இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரே வாரத்தில் தகவல் நூலின் பன்னிரண்டு அம்சங்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தேன். பொருளடக்கம், துணைத்தலைப்பு, படக்குறிப்பு, அட்டவணை, அருஞ்சொற்பொருள், சொல்லடைவு என்று வரிசையாக. வாரக் கடைசியில் 'பொருத்துக' வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஏறக்குறைய எல்லாருமே முழு மதிப்பெண். அடுத்த வாரம் தேனீக்களைப் பற்றிய ஒரு நூலைக் கொடுத்து, "தேனீக்கு எத்தனை கண்கள் என்று கண்டுபிடியுங்கள்" என்றேன். எல்லாரும் முதல் பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். பொருளடக்கத்தில் 'தேனீயின் உடல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்தப் பக்கத்தில் பெரிய கண்கள் இரண்டையும், உச்சந்தலையில் உள்ள சின்னக் கண்கள் மூன்றையும் கோடு போட்டுக் காட்டிய படமும் இருந்தது. ஒரு குழந்தையும் அங்கே போகவில்லை.

பெயர் தெரிந்திருந்தது, எதற்காக இருக்கிறது என்பது தெரியவில்லை. அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் குழந்தைக்கு ஒரு தேவை வரவேண்டும். அந்தத் தேவையைத் தீர்க்கும் அம்சத்தை அப்போது காட்ட வேண்டும். பெயர் கடைசியில் வந்தால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். நெல் டியூக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்றாம் வகுப்பு அறைகள் இருபதில் உட்கார்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த வகுப்புகளில் தகவல் நூல்களோடு கழிந்த நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம். கதை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை, நான்காம் ஐந்தாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் கனக்கத் தொடங்கும்போது திடீரெனத் திணறுவதில் வியப்பில்லை. அந்தப் புத்தகங்களைப் படிக்கும் முறையே வேறு. அதை யாரும் அந்தக் குழந்தைக்குக் காட்டியிருக்க மாட்டார்கள்.

படி 1: நூல்களைச் சேர்த்து வையுங்கள்

பத்துப் பதினைந்து நூல்கள் கிடைத்தால் நல்லது. விலங்குகள், விண்வெளி, உடல், வண்டிகள், எரிமலை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். சிறுவர் இதழ்களின் பழைய பிரதிகளும் உதவும். பாடப்புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தகவல் நூல்தான். குழந்தைகள் அதை அப்படி நினைப்பதே இல்லை.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். படமும் அட்டவணையும் ஏதாவது புதிதாகச் சொல்கின்றனவா? பத்தியில் சொன்னதையே படமும் திருப்பிச் சொன்னால், குழந்தை அந்தப் படத்தைத் தாண்டிப் போவதில் தவறு இல்லை. பத்தியில் இல்லாத ஒரு செய்தியைப் படக்குறிப்பு தரும் நூல்தான் நமக்குத் தேவை.

படி 2: கதையையும் தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

முயல் வரும் கதை ஒன்று, முயல்களைப் பற்றிய தகவல் நூல் ஒன்று. இரண்டையும் குழுவுக்குக் குழு கொடுத்து, "எதெல்லாம் வேறாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஓவியம், புகைப்படம், பேசும் முயல், பேசாத முயல் என்று நிறையச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்த இரண்டில் எதை நடுவிலிருந்து படிக்கலாம்?" கதையை நடுவில் திறந்தால் யார், எங்கே, ஏன் என்று ஒன்றும் புரியாது. தகவல் நூலை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம். வேண்டிய இடத்தை மட்டும் படித்துவிட்டு மூடியும் வைக்கலாம். இதைக் கேட்டதும் சில குழந்தைகளின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். முழுப் புத்தகத்தையும் முடித்தே ஆகவேண்டும் என்ற பயத்தோடு இருந்த குழந்தைகள் அவர்கள்.

முயலின் வாழ்க்கையைக் கதை போலவே சொல்லும் தகவல் நூல்களும் உண்டு. முதல் நாளில் அவற்றைக் கலக்காதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

படி 3: ஒவ்வோர் அம்சத்தையும் மறைத்துக் கற்றுக்கொடுங்கள்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஓர் அம்சம் என்ன செய்கிறது என்று விளக்குவதைவிட, அது இல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று காட்டுவது பல மடங்கு வேகமாகப் புரியும். ஒட்டுத்தாள் ஒன்று போதும்.

படக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைகூடப் புகைப்படத்தைப் பார்த்துப் பேசும் என்பதால், யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். நீர்யானை வாயை அகலப் பிளந்து நிற்கும் படத்தைக் காட்டுங்கள், குறிப்பை மறைத்துவிடுங்கள். "என்ன செய்கிறது?" என்று கேட்டால் கொட்டாவி விடுகிறது, சிரிக்கிறது, பசிக்கிறது என்று பதில்கள் வரும். தாளை எடுங்கள். 'வாயைப் பிளந்து தன் பற்களைக் காட்டி எதிரியை மிரட்டும் நீர்யானை' என்று இருக்கும். அதே படம், இப்போது வேறு படமாகத் தெரிகிறது. "சரி, படத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன வரி நமக்கு என்ன செய்தது?" என்று கேளுங்கள். குழந்தைகள் தங்கள் சொற்களில் சொன்ன பிறகு, அதற்குப் படக்குறிப்பு என்று பெயர் என்று சொல்லிவிடுங்கள். பாடம் முடிந்தது. அன்றைக்கு அது ஒன்று போதும்.

அடுத்து துணைத்தலைப்பு. ஆக்டோபஸைப் பற்றி நான்கு பத்திகள் உள்ள ஒரு பக்கத்தில் தலைப்புகளை எல்லாம் மறைத்துப் படிக்கக் கொடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் குழந்தைகளே தலைப்பு வைக்கட்டும். 'மூன்று இதயங்கள்' என்று ஒரு குழு எழுதும், 'ஆக்டோபஸின் இரத்தம்' என்று இன்னொரு குழு எழுதும். எது அந்தப் பத்தி முழுவதற்கும் பொருந்துகிறது என்று அவர்கள் வாதாடும்போதே மையக்கருத்து என்பது என்னவென்று கற்றுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் இதைத் திருப்பிச் செய்யுங்கள். தலைப்பை மட்டும் காட்டி, அதைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். 'மூன்று இதயங்கள்' என்பது "ஏன் மூன்று?" என்று ஆகும். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கும் மூன்றாவது உடலின் மற்ற பாகங்களுக்கும் இரத்தத்தை அனுப்புகின்றன என்ற பதிலைத் தேடிக்கொண்டு படிக்கும் குழந்தையின் கண் பத்தியில் அலைபாயாது.

பாகம் குறித்த படத்துக்கு வருவோம். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பதைத் தேர்வுக் கேள்வியாக மட்டுமே அறிந்திருக்கிறோம். ஆனால் படத்தின் உறுப்புகளைச் சொற்களோடு இணைத்துக் காட்டும் பழக்கம் குழந்தைகளுக்கான நூல்களில் 1658ஆம் ஆண்டே வந்துவிட்டது. கொமீனியஸ் என்ற கல்வியாளர் அந்த ஆண்டு வெளியிட்ட படநூலில், படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, அதே எண்ணைப் பக்கத்தில் உள்ள சொல்லுக்கும் போட்டிருந்தார். இந்த முறையை வகுப்பில் அப்படியே செய்து பார்க்கலாம். ஓர் எறும்பின் படத்தில் எண்கள் மட்டும் போட்டுத் தலை, மார்பு, வயிறு, உணர்கொம்பு, கால் என்று பிள்ளைகளையே பொருத்த விடுங்கள்.

இந்த இடத்தில் புது ஆசிரியர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டு. ஒன்று, அளவு. பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணியின் படத்தைப் பார்த்து, அது கையளவு இருக்கும் என்று நம்பும் குழந்தைகள் உண்டு. 'பெரிதாக்கிய படம்', 'உண்மை அளவு' என்று மூலையில் சின்னதாக எழுதியிருப்பதைத் தேடிப் பார்க்கப் பழக்குங்கள். மற்றொன்று, குறுக்குவெட்டுத் தோற்றம். எரிமலையைப் பாதியாக வெட்டியது போல் வரைந்திருக்கும் படம் பெரியவர்களுக்குச் சாதாரணம். குழந்தைக்கோ மலை ஏன் பிளந்து கிடக்கிறது என்று தோன்றும். ஒரு பழத்தைக் கண்முன்னே குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதை வரையச் சொல்லுங்கள். அப்புறம் எரிமலைப் படத்தைக் காட்டினால் தானாகவே புரிந்துவிடும்.

அட்டவணையைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதலில் அதைப் பத்தியாக எழுதிக் கொடுப்பது. 'புதன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 88 நாள் ஆகும். வெள்ளிக்கு 225 நாள் ஆகும். பூமி 365 நாளில் சுற்றுகிறது. செவ்வாய்க்கு 687 நாள் வேண்டும்.' இதைக் கொடுத்து, "எந்தக் கோளின் ஆண்டு பூமியின் ஆண்டைவிட நீளம்? எது மிகக் குறைவு?" என்று கேளுங்கள். வரிக்கு வரி விரல் ஓடும். பிறகு அதே செய்தியைக் கோள், நாள் என்று இரண்டு நெடுவரிசைகள் உள்ள அட்டவணையாகக் காட்டுங்கள். ஒரே பார்வையில் பதில் வந்துவிடும். எது வசதியாக இருந்தது என்று நீங்கள் கேட்கக்கூட வேண்டாம்.

காலக்கோட்டில் இடைவெளிதான் பாடம். 1957இல் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், 1961இல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின், 1963இல் முதல் பெண் வாலன்டினா தெரெஷ்கோவா, 1969இல் நிலவில் மனிதன். ஓர் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஒரு நீளத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். முதல் இடைவெளி 20, அடுத்தது 10, கடைசியில் 30 சென்டிமீட்டர். சம இடைவெளி விட்டு எழுதிவைத்தால் அது வெறும் பட்டியல்தான். தூரத்தை அளந்து போட்டால் காலம் கண்ணுக்குத் தெரியும்.

தடித்த எழுத்தைப் பெரும்பாலான குழந்தைகள் 'சத்தமாகப் படிக்க வேண்டிய சொல்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். தகவல் நூலில் அதன் வேலை வேறு: 'இந்தச் சொல் புதிது, பொருளைத் தேடு' என்கிறது. பொருள் நூலின் கடைசியில் அருஞ்சொற்பொருள் பகுதியில் இருக்கலாம். பல நேரம் அதே வாக்கியத்திலேயே இருக்கும். 'எனப்படும்', 'என்று பெயர்', 'அதாவது' ஆகிய மூன்றில் ஒன்று வரும் இடத்தில் பொருளும் பக்கத்திலேயே இருக்கும் என்று சொல்லிவையுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால் பாடப்புத்தகம் பாதி எளிதாகிவிடும்.

நிலப்படம், பெட்டிச் செய்தி, பட்டை வரைபடம் இவற்றுக்கும் இதே 'மறைத்துக் காட்டும்' முறை போதும். நிலப்படத்தில் குறியீடுகளின் விளக்கத்தை மறைத்துவிட்டு நீலக் கோடு என்ன, சிவப்புப் புள்ளி என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

படி 4: சொல்லடைவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்

பொருளடக்கம் எளிது. முன்னால் இருக்கிறது, பக்க வரிசையில் போகிறது. சொல்லடைவு என்பது நூலின் கடைசியில் முக்கியச் சொற்களை அகரவரிசையில் அடுக்கி, அவை வரும் பக்க எண்களைத் தரும் பட்டியல். அது கடினம், அதுவும் தமிழில் இரண்டு காரணங்களால்.

முதலாவது அகரவரிசை. அ முதல் ஔ வரை ஒப்பிக்கும் குழந்தைக்குக்கூட, ழகரம் முன்னா ளகரம் முன்னா என்று கேட்டால் தடுமாற்றம் வரும். வகரத்துக்குப் பிறகு ழ, ள, ற, ன என்ற வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். புள்ளி வைத்த எழுத்து அதன் உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதையும் சொல்லுங்கள். 'பட்டாம்பூச்சி', 'படகு'க்கு முன்னால் வருவது அதனால்தான். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும்.

இரண்டாவது, சொல் மாறிப்போவது. கேள்வி "ஆற்றில் வாழும் விலங்குகள் எவை?" என்று இருந்தால், குழந்தை சொல்லடைவில் 'ஆற்றில்' என்று தேடும். அங்கே இருப்பது 'ஆறு'. 'மரத்தின்' என்று தேடினால் கிடைக்காது, 'மரம்' என்று தேட வேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றிவிட்டுச் சொல்லின் முதல் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைப் பத்துப் பதினைந்து சொற்களில் வாய்மொழியாகச் செய்துவிட்டுத்தான் நூலைக் கையில் கொடுக்க வேண்டும். 'தேனீக்களின்' என்றதும் 'தேனீ' என்று வகுப்பே கத்தும், விளையாட்டாகவே நடக்கும். வேற்றுமை உருபு என்ற பெயரெல்லாம் இப்போது வேண்டாம்.

கையிலுள்ள நூலில் சொல்லடைவே இல்லையென்றால் அதுவும் நல்லதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தை எடுத்து, குழுவுக்கு ஐந்து முக்கியச் சொற்கள் கொடுத்து, எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று குறித்து, வகுப்பே சேர்ந்து ஒரு சொல்லடைவு செய்யுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

படி 5: நீங்கள் படிப்பதைச் சத்தமாகக் காட்டுங்கள்

பெரியவர்கள் தகவல் நூலைப் படிக்கும்போது கண் எங்கெங்கோ போய்வருகிறது. அது குழந்தைக்குத் தெரியாது. ஆகவே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள்: "இந்தப் பக்கத்தை உடனே படிக்கப் போவதில்லை. முதலில் தலைப்பைப் பார்க்கிறேன். 'தேன்கூட்டில் யார் யார்?' ஓ, பல வகைத் தேனீக்கள் இருக்கும் போலிருக்கிறது. இங்கே ஒரு படம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். சரி, இப்போது பத்தி. இங்கே 'படம் 2 பார்க்க' என்று இருக்கிறது, நிறுத்திவிட்டு அங்கே போகிறேன்." ஐந்து நிமிடம் போதும். அடுத்த முறை குழந்தைகள் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். அதற்கடுத்து இரண்டிரண்டு பேராகச் செய்யட்டும். தனியாகச் செய்வது கடைசியில்தான். அவசரப்பட்டு இந்தப் படிகளைத் தாண்டினால், நன்றாகப் படிக்கும் நான்கு பேர் மட்டும் உங்களோடு வருவார்கள்.

படி 6: வேட்டை விளையாட்டு, ஆனால் கேள்வியோடு

'படக்குறிப்பு கண்டுபிடித்தாயா, டிக் போடு' என்ற பயிற்சித்தாள்கள் நிறையக் கிடைக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. குழந்தை ஒரு வரிகூடப் படிக்காமல் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடும். அதற்குப் பதிலாக மூன்று நெடுவரிசைகள் உள்ள தாள் கொடுங்கள்: என்ன கண்டேன், எந்தப் பக்கத்தில், அதிலிருந்து எனக்கு என்ன தெரிந்தது. மூன்றாவது நெடுவரிசைதான் முக்கியம். 'படம், பக்கம் 7, படம் நன்றாக இருந்தது' என்று ஒரு குழந்தை எழுதினால் திட்டாதீர்கள். "படத்தை மறைத்துவிட்டால் உனக்கு எது தெரியாமல் போயிருக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரும், அதையே எழுதச் சொல்லுங்கள்.

படி 7: அவர்களே ஒரு நூல் செய்யட்டும்

ஒரு தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டுப் போட்டால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். ஒவ்வொரு குழந்தையும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதட்டும்: என் மிதிவண்டி, எங்கள் பூனை, பம்பரம் விடுவது. அட்டை, பொருளடக்கம், பாகம் குறித்த ஒரு படம், படக்குறிப்போடு ஒரு படம், மூன்று அருஞ்சொற்கள். எல்லா அம்சங்களையும் திணிக்கச் சொல்லாதீர்கள். "உன் நூலைப் படிப்பவருக்கு எது உதவும்?" என்று கேட்டு அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். மிதிவண்டி நூலுக்குக் காலக்கோடு வேண்டாம், பாகம் குறித்த படம் கட்டாயம் வேண்டும் என்று ஒரு எட்டு வயதுக் குழந்தை காரணத்தோடு சொல்லும்போது இந்தப் பாடம் அந்தக் குழந்தையிடம் சேர்ந்துவிட்டது என்று நம்பலாம்.

எந்த வகுப்பில் எவ்வளவு?

ஒன்று, இரண்டாம் வகுப்பில் தலைப்பு, புகைப்படம், படக்குறிப்பு, பாகம் குறித்த எளிய படம், பொருளடக்கம் இவை போதும். மூன்றில் துணைத்தலைப்பு, தடித்த எழுத்து, அருஞ்சொற்பொருள், சொல்லடைவு, அட்டவணை. காலக்கோடும் அளவு குறித்த நிலப்படமும் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. வாரத்துக்கு ஓர் அம்சம், மிஞ்சினால் இரண்டு.

வரிசை, ஒப்பீடு, காரணமும் விளைவும் என்ற பத்தி அமைப்புகளை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவை அடுத்த கட்டம். அங்கே போகும்போது 'முதலில், பிறகு, ஆனால், அதனால்' என்ற இணைப்புச் சொற்களோடு, 'எறும்பைவிட', 'மழையால்' என்று சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் குறிப்புகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பது

எழுத்துத் தேர்வு வேண்டாம். குழந்தை இதுவரை பார்க்காத ஒரு நூலையும் மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கேள்விக்குப் பதில் பாகம் குறித்த படத்தில் மட்டும் இருக்கட்டும், இன்னொன்று சொல்லடைவு வழியாக எளிதில் கிடைக்கட்டும், மற்றொன்று பத்திக்குள் இருக்கட்டும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கை எங்கே போகிறது என்று பாருங்கள். பொருளடக்கத்துக்கா, கடைசிப் பக்கத்துக்கா, முதல் வரிக்கா? ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று பேர் என்றால் இரண்டு வாரத்தில் முப்பது பேரையும் பார்த்துவிடலாம்.

அப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கும் குழந்தை ஒன்றிரண்டு இருக்கும். தடுக்காதீர்கள், ஒரு பக்கம் படிக்கட்டும். பிறகு, "இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது, நமக்கு வேண்டியது கண்ணைப் பற்றி மட்டும். வேறு வழி இருக்குமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில குழந்தைகளுக்கு அந்த அமைதி அரை நிமிடம்கூட நீளும். பொறுத்துக்கொண்டு காத்திருந்தால், பக்கங்களைப் புரட்டி முன்னால் போகும் அந்தக் கையைப் பார்க்கலாம்.